மழை கூடியதா

எங்கள் ஆபீசில் அக்காவிடம் மணி என்ன என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் கைக்கடிகாரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல பத்து இருபது. காலையில ரேடியோவோட வச்சுப் பாக்கல. ரெண்டு நிமிஷம் முன்ன பின்ன இருக்கும்" என்பார். காப்பி எப்படியிருக்கு என்றால், "ஒரு மடக்குதான குடிச்சிருக்கேன்." பஸ் நிறுத்தத்தில் யாராவது, "ஏரல் பஸ் வருமாம்மா?" என்று கேட்டால், "நா நின்ன நாளெல்லாம் வந்திருக்கு." கேட்டவர்கள் முறைத்துவிட்டு வேறு ஆளைப் பார்த்துப் போவார்கள். கிண்டல் செய்கிறார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கிண்டலே இல்லை. தனக்கு எவ்வளவு தெரியுமோ அதற்கு மேல் அரைச் சொல் கூடுதலாகச் சொல்ல அவருக்கு வாய் வராது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து கப்பல்கள் கரையோடு சேர்ந்து நிற்க ஆரம்பித்திருந்தன. பழைய துறைமுகத்தில் தோணிகளும் ஓடிக்கொண்டிருந்தன. என் அப்பா அதில் ஒரு தோணிக்குத் தண்டல், அதாவது தோணியின் தலைமை ஆள். நான் டைப் அடிக்கப் படித்துவிட்டு மில்லர்புரத்தில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய அந்த ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். அக்கா அங்கே புள்ளிவிவர உதவியாளர். நாற்பதை நெருங்கிய வயது, கல்யாணம் ஆகவில்லை, ஏரலுக்குப் பக்கத்தில் நெல் விளைகிற ஊர். சம்பளத்தில் பாதியை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒற்றை அறையில் குடியிருந்தார். புள்ளியம்மா என்று மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். நான் அக்கா என்றே கூப்பிட்டேன்.

எங்கள் ஆபீஸ் செய்தது செயற்கை மழை வேலை. தொடர்ந்து மழை பொய்த்துக்கொண்டிருந்த காலம். நம் ஊர் உப்பை மாவாக அரைத்து, மூட்டை கட்டி, லாரியில் மதுரைக்கு அனுப்புவோம். அங்கிருந்து ஒரு சின்ன விமானம் மேற்கே மலைக்குப் பறந்து மேகத்துக்குள் அந்த மாவைத் தூவும். உப்புத்தூள் ஈரத்தை இழுத்துத் துளியாக்கும், துளி கனத்து மழையாக இறங்கும் என்பது எண்ணம். மலையில் மழை இறங்கினால் அணை நிறையும், ஆற்றில் தண்ணீர் வரும். உப்பளத்துக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. "எங்கிட்டயே உப்ப வாங்கி, எங்க உப்பக் கரைக்கதுக்கு மழையக் கூப்பிடுதியளோ?" என்று மூட்டை ஏற்றும் இடத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அக்காவின் வேலை, மழை கூடியதா என்று கண்டுபிடிப்பது. அவர் மேஜையில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் சென்னையிலிருந்து அரக்கு முத்திரையோடு வந்த உறைகள், வரிசை எண் போட்டு. மதுரையில் மேகம் பார்க்கும் அதிகாரி, 'இன்று தூவலாம், மேகம் தோதாக இருக்கிறது' என்று போனில் சொன்ன பிறகுதான் அன்றைய உறையை அக்கா உடைப்பார். உள்ளே ஒரு சீட்டு. 'தூவு' என்றோ 'வேண்டாம்' என்றோ இருக்கும். அதை அப்படியே போனில் சொல்வார். அவ்வளவுதான்.

சேர்ந்த வாரத்திலேயே கேட்டேன். "மேகம் நல்லா இருந்தா தூவிர வேண்டியதுதானக்கா? சீட்டு எதுக்கு?"

"தூவுன அன்னைக்கு மழை பெய்யுதுன்னு வையி. தூவுனதாலயா பெஞ்சுது? இல்ல, சும்மா விட்டாலும் பெஞ்சிருக்குமா?"

"அது எப்படித் தெரியும்?"

"அதாம்ளா. அதே மாதிரி மேகத்துல பாதிய சும்மா விட்டாத்தான் தெரியும். எத விடுறதுன்னு நம்ம கையில இருக்கப்பிடாது. நம்ம கை நமக்குப் பிடிச்ச பக்கம் சாயும்."

தன் கையையே அவர் நம்பவில்லை. அந்த அறையில் மேற்குப் பார்த்து ஒரு ஜன்னல் உண்டு. அதை ஆணி அடித்து மூடச் சொன்னது அவர்தான். ஐம்பது அறுபது மைலுக்கு அப்பால் இருக்கும் மலையின் மேகம் இங்கிருந்து எங்கே தெரியப்போகிறது என்று பியூன் அண்ணாச்சி முனகிக்கொண்டே அடித்தார்.

வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றிலிருந்து ஒரு கட்டுரையை என்னிடம் நகல் அடிக்கக் கொடுத்தார். அங்கே மழைக்கு அல்ல, பனிக்கு இந்த வேலையைச் செய்கிறார்கள். மலைமேல் மேகத்துக்கு மருந்து போட்டு, விழுந்த பனியை நிறுத்து அளந்து, கோடையில் அது உருகி ஆற்றில் எவ்வளவு வருகிறது என்று பார்க்கிறார்கள். குளிர்காலம் குளிர்காலமாகச் செய்தும் கடைசியில், கூடியது போலத் தோன்றுகிறது, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எங்களிடம் நாட்கள் சேரவில்லை என்று முடித்திருந்தார்கள். அந்தக் கடைசி வரியை அக்கா எனக்கு இரண்டு முறை தமிழில் சொன்னார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. சொந்தக்காரர் கடுதாசி வந்த மாதிரி.

ஆனால் அந்தக் குணம் எப்போதும் இனிக்கவில்லை. மலையில் மழைமானி பார்க்க ஒரு தோட்டத்து ஆளை வைத்திருந்தார்கள். அவர் அனுப்பும் கணக்கில் எல்லா எண்ணும் ஐந்திலோ பூஜ்யத்திலோ முடிகிறதென்று அக்கா கண்டுபிடித்தார். பஸ்ஸும் ஜீப்புமாக மாறி ஏறிப் போனோம். மழைமானியின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. அந்த மனிதர் கைகட்டி நின்றார். வீட்டுக்காரி படுத்த படுக்கை, தினமும் இந்த மேட்டில் ஏற முடியவில்லை, மழை எவ்வளவு பெய்கிறதென்று கண்ணால் பார்த்தாலே தெரியாதா என்றார். அக்கா உள்ளே போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து, கையில் இருந்த பணத்தை அந்த மனிதரிடம் கொடுத்தார். ஆபீசுக்குத் திரும்பி வந்ததும், அந்தத் தோட்டத்து ஆள் அனுப்பிய ஒரு வருஷக் கணக்கையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஏன் அடித்தேன் என்று குறிப்பும் எழுதி மேலே அனுப்பினார். அந்த மனிதருக்கு வேலை போயிற்று. டைரக்டர் அக்காவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். இருந்த கொஞ்ச நாட்களிலும் இத்தனையை வெட்டினால் எதை வைத்து முடிவு சொல்வது? அக்கா நின்றபடி, "பொய்யான நாள வச்சுக்கிட்டு சொல்றதுக்கு, நாள் பத்தலன்னு சொல்லிரலாம் சார்" என்றார். எனக்கு அன்று அவர்மேல் மரியாதையும் பயமும் ஒன்றாக வந்தது.

அடுத்த மார்கழியில் அக்காவின் அண்ணன் ஆபீசுக்கு வந்தார்.

பிசானப் பருவத்து நெல், கதிர் வெளியே வராமல் பொதியில் இருந்த சமயம். ஆற்றின் கடைசி அணைக்குக் கீழே, வாய்க்காலின் கடைசி மடையில் அவருடைய வயல். மேல் ஊர்களுக்கே முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், அவர் பக்கம் வந்து சேரவில்லை. வெடித்துக் கிடந்த வயலிலிருந்து ஒரு பயிரைப் பிடுங்கித் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நல்ல உயரமான மனிதர். மேஜையில் அதை வைத்துவிட்டு, "இன்னும் ஒரு வாரம் தாங்கும்ளா. அவ்வளவுதான்" என்றார். அக்கா அந்தப் பயிரின் மடலைப் பிரித்து உள்ளே இருந்த இளங்கதிரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

மதுரைதான். மேகம் தோதாக இருக்கிறது. அந்த மாதத்தில் முதல் தடவை.

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றார். அக்கா பெட்டியைத் திறந்து உறையை உடைத்தார். சீட்டைப் பார்த்த கண் அங்கேயே நின்றது. அவர் வாயைத் திறக்கும் முன்பே அண்ணன், "என்ன போட்டிருக்கு?" என்றார்.

"வேண்டாம்னு இருக்கு."

"அடுத்தத ஒட."

"அது அடுத்த மேகத்துக்குண்ணே."

"ஏளா, அடுத்த மேகம் எப்ப வரும்?"

"தெரியாது."

"ஒரு காயிதம்ளா இது. கிழிச்சிப் போட்டுட்டு தூவுன்னு சொல்லு. அந்தால இருக்கவனுக்கு என்ன தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேண்ணே. அழுதவுகளுக்கெல்லாம் மாத்திச் சொன்னா, இந்தத் தூவலுக்குப் பலன் உண்டா இல்லியான்னு ஒரு நாளும் விளங்காது. வருசா வருசம் சனம் வானத்தப் பாத்து நிக்கும், நாமளும் உப்ப வீசிக்கிட்டே இருப்போம்."

"எவனோ என்னைக்கோ தெரிஞ்சுக்கிடணும்னு எம் பயிரு இன்னைக்கி சாவணுமா?"

போனில் மதுரைக்காரர் ஹலோ ஹலோ என்று கத்துவது எனக்கே கேட்டது. அப்போது அந்த மனிதர் குனிந்தார். தங்கையின் காலைத் தொட்டார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மூத்தவர் இளையவள் காலில் விழுவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அக்கா சுவரோடு ஒட்டிப் பின்னால் நகர்ந்தார். போனை வாயருகே வைத்து, "இன்னைக்கு வேண்டாம் சார்" என்றார். குரலில் நடுக்கம் கூட இல்லை.

அண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அக்கா பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினார். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

அன்றைக்கு மலையில் தூறல் மட்டும் போட்டது. அடுத்த மேகம் பதினைந்து நாள் கழித்து வந்தது. அந்த உறையில் 'தூவு' என்று இருந்தது. ஓரளவு மழையும் பெய்தது. அதற்குள் அண்ணனின் பயிர் மாட்டுக்கு ஆகிவிட்டது. அவர் தங்கை அனுப்பிய மணியார்டரைத் திருப்பி அனுப்பினார். நிலத்தை ஒத்திக்கு விட்டுவிட்டு, தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிக்கு மூட்டை ஏற்றும் கூலியாக வந்து சேர்ந்தார் என்று அப்பா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஒரே ஊரில் இருந்தும் அவர் மில்லர்புரம் பக்கம் வரவேயில்லை.

மூன்று பருவம் முடிந்தது. கணக்குப் பார்க்க வேண்டிய நேரம். தூவிய நாட்களின் சராசரி மழை, தூவாத நாட்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷம். அக்காவுக்கு இல்லை. ஒவ்வொரு நாளின் மழை அளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிப் பாதியை எடுத்து, இதுதான் தூவிய நாட்கள் என்று வைத்துக்கொண்டு சராசரி பார்த்தார். மறுபடி குலுக்கினார், மறுபடி எடுத்தார். நூற்றுக்கணக்கான தடவை. அவர் எடுக்க நான் எழுதினேன். கை சுற்றும் கணக்கு மிஷினின் கடகட சத்தம் தூக்கத்திலும் கேட்டது எனக்கு.

"எதுக்குக்கா இது?"

"உப்பே போடாம, வெறும் குலுக்கல்லயே இவ்வளவு வித்தியாசம் வருதான்னு பாக்கேன்."

வந்தது. அடிக்கடி வந்தது. மிஷினை நிறுத்திவிட்டு அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னேன். "அப்ப உப்புக்குப் பலனே இல்லக்கா. அன்னைக்கு நீங்க தூவச் சொல்லியிருந்தாலும் ஒண்ணும் பெஞ்சிருக்காது. உங்க அண்ணன் பயிருக்கு நீங்க ஒண்ணும் செய்யல."

தலையை ஆட்டினார். "அப்படியும் சொல்ல முடியாதுளா. பலன் இருந்தும் நம்ம கணக்குக்குத் தட்டுப்படாமப் போயிருக்கலாம். நாள் பத்தாது."

"வேற என்னதான் சொல்ல முடியும்?"

"ஒண்ணும் முடியாது."

உப்புக்குப் பலன் இல்லை என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டால் அவர் நிம்மதியாகத் தூங்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. தனக்குத் தானேகூட அதைச் சொல்லிக்கொள்ளவில்லை அவர்.

அறிக்கையை அவர்தான் எழுதினார். முதலில் சராசரிகள். கடைசி இரண்டு பாராவில், இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், இருக்கும் நாட்களை வைத்து உண்டென்றும் இல்லையென்றும் சொல்ல இயலாது என்று. டைரக்டர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. விமானத்துக்கு அடுத்த வருஷமும் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் ஆபீசையே மூடிவிடுவார்கள், உன் வேலையை நிரந்தரமாக்க எழுதியிருக்கிறேன், அதுவும் போகும் என்றார். "புதுசா ஒண்ணும் சேக்க வேண்டாம்மா. கடைசி ரெண்டு பாராவ விட்டுட்டு அடி. மிச்சமெல்லாம் அந்தம்மா எழுதுனதுதான."

அடித்தேன். நான்கு கார்பன் வைத்து அடித்தேன். அக்கா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். டைரக்டர் தானே போட்டுக்கொண்டார். பத்திரிகையில் வந்தது, மேகத்தில் உப்புத் தூவினால் மழை கூடுகிறது என்று. அப்படியும் விமானத்துக்கு அனுமதி வரவில்லை. ஆபீசை மூடி எங்களை ஆளுக்கொரு இடமாகப் பிரித்தார்கள். என் வேலை நிரந்தரமாயிற்று. அக்காவை மீன் வரத்துக் கணக்கெடுக்கும் பிரிவில் போட்டார்கள்.

அடுத்த சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் அப்பா வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்தார். "அந்தப் புள்ளியம்மா அண்ணன், ஏரல்காரரு, தோணிப் பலகையில ஏறையில சறுக்கி விழுந்துட்டாரு. மூட்டை அவரு மேல விழுந்துட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சிட்டு." நான்தான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "உங்க அப்பா கண்ணால பாத்தாவளா?" பார்த்தார் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன்.

ஏரலில் இறங்கி ஆற்றோரமாக நடந்து போனோம். வீட்டுக்கு முன்னால் கூட்டம். அக்கா வாசலுக்குப் போனதும் அழுகை நின்றது. அண்ணன் மனைவி தலைவிரி கோலமாக எழுந்து வந்து நிலையில் கை வைத்து நின்றாள்.

"எங்க வந்த?"

"மைனி..."

"பேப்பர்ல போட்டிருந்தாவளாம். டீக்கடையில வாசிச்சுக் காட்டினாவளாம். உப்பத் தூவுனா மழை உண்டுன்னு. அன்னையிலருந்து அந்த மனுசன் வாயத் தொறக்கல தெரியுமா? கூடப் பொறந்தவளே மழைய மறிச்சிட்டான்னு ஒரே ஒரு தடவை சொன்னாரு. பெறவு சோறு தண்ணி இறங்கல."

அக்கா தலை குனிந்து நின்றார். அந்தப் பெண் சற்று நேரம் அவரையே பார்த்தாள். குரல் தாழ்ந்துவிட்டது. கெஞ்சுவது போலத்தான் கேட்டாள்.

"பொய்யின்னு சொல்லு தாயி. பேப்பர்ல வந்தது பொய்யி, நீ அன்னைக்கி தூவியிருந்தாலும் மழை பெஞ்சிருக்காதுன்னு சொல்லு. ஒன்ன உள்ள விடுதேன். உங்க அண்ணன் மொகத்தப் பாரு."

கூட்டம் முழுக்க அக்காவின் வாயைப் பார்த்தது. சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று நான் மனசுக்குள் அடித்துக்கொண்டேன். அவருடைய உதடு இரண்டு தடவை அசைந்தது.

"எனக்குத் தெரியாது மைனி."

அந்தப் பெண் நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் பேசியிருக்கலாம். கடைசியில் இரண்டு பாரா இருந்தது, அதை விட்டுவிட்டு அடித்தது நான்தான், பேப்பரில் வந்தது முழுசில்லை என்று அந்த வாசலில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கதவு திறந்திருக்கும். நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன்.

எதிர் வீட்டு மதிலோரம் வெயிலில் நாங்கள் நின்றோம். பாடையைத் தூக்கி வந்தபோதுதான் அக்கா அண்ணனைப் பார்த்தார். தெருமுனை திரும்பும் வரை பார்த்தார். அழவில்லை. கை மட்டும் சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த அறிக்கைய நீதான அடிச்ச?"

"ஆமாக்கா."

"அடிக்கையில வெளங்குச்சா ஒனக்கு, எத விடுதோம்னு?"

கூட இருந்து ஒவ்வொரு குலுக்கலையும் எழுதியவள் நான். அந்த இரண்டு பாராவை எழுத்துக்கு எழுத்து இப்போதும் சொல்வேன்.

"இல்லக்கா" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வருத்தப்படாதளா, ஒனக்கு எப்படி வெளங்கும்" என்றார். தூத்துக்குடி வரும் வரை அந்தக் கையை அவர் விடவில்லை.